‘தனி ஒருவராக’ என்ற இரண்டு சொற்கள்

நீங்கள் உட்காருங்கள். நான் நின்றுகொண்டே பேசுகிறேன். வேலையில் இருந்த காலம் முழுக்க என்னால் ஓரிடத்தில் உட்கார முடிந்ததில்லை. ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் குணம் போகவில்லை.

நினைவிடங்களைப் பராமரிக்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். பழைய சுவரில் சுண்ணாம்பை எப்படிப் பூசுவது, மரத்தைக் கரையான் அரிக்காமல் எப்படிக் காப்பது என்பதையெல்லாம் வேறு ஆட்கள் சொல்லித் தருவார்கள். நான் சொல்ல வந்தது, ஒரு கல்லில் என்ன எழுதுவது என்று தெரியாமல் நான் தவித்த சில நாட்களைப் பற்றி.

எழுபதுகளின் தொடக்கம். எனக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. எங்கள் பிரிவில் ஆய்வு உதவியாளராக இருந்த ஒரே பெண் நான்தான். மேற்குத் தாம்பரத்தில், ரயில் பாதையை ஒட்டிய தெரு ஒன்றில், நடேசன் என்ற தியாகியின் ஓட்டு வீட்டை நினைவு இல்லமாக ஏற்றிருந்தார்கள். நடேசன் ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்தவர். ‘வெள்ளையனே வெளியேறு’ போராட்டத்தின்போது அந்த வீட்டில், மெழுகுத்தாளில் எழுதி உருளையை உருட்டிப் படியெடுக்கும் சைக்ளோஸ்டைல் மெஷின் ஒன்றை ஒளித்து வைத்து, சர்க்கார் தடை செய்த செய்திகளை அச்சடித்து அனுப்பினார். பிடிபட்டு ஜெயிலுக்குப் போனார். சுதந்திரத்துக்குப் பிறகு வெகுகாலம் வாழ்ந்து, இறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. அவருடைய ஒரே மகன் ஏகாம்பரம் தாம்பரம் மார்க்கெட்டில் இரும்புக்கடை வைத்திருந்தார். அப்பாவின் நினைவாக வீட்டைத் தானமாகக் கொடுத்தவர் அவர்தான்.

கூடத்தில் பதிக்க வேண்டிய கல்லின் வாசகத்தை, நான் அந்த வேலைக்கு வருமுன்பே ஒரு கமிட்டி முடிவு செய்திருந்தது. ‘நாட்டு விடுதலைக்காக இவ்வீட்டில் தனி ஒருவராக ரகசிய அச்சகம் நடத்திச் சிறை புகுந்த தியாகி நடேசனார்’ என்று தொடங்கும். சமையலறைக்கும் ஒரு பலகை இருந்தது. ‘எழுதப் படிக்கத் தெரியாத இவர் மனைவி, கணவரின் பணி இன்னதென்று அறியாமலேயே அவருக்கு உறுதுணையாக இருந்தார்.’ மந்திரி வந்து திறந்து வைக்க நாள் குறித்தாகிவிட்டது. எல்லாம் அதனதன் இடத்தில் ஏறுகிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை.

ஒரு பிற்பகல், ஆட்கள் வெள்ளையடித்துக்கொண்டிருந்தபோது, வயதான ஓர் அம்மாள் குடையை மடக்காமலே வீட்டுக்குள் வந்தார். யாரையும் எதுவும் கேட்கவில்லை. நேரே சமையலறைக்குப் போய்ப் பலகையைப் படித்தார்.

“யார் எழுதினது இது?”

“கமிட்டி, அம்மா.”

“அந்தக் கமிட்டில ஒருத்தராவது தனத்தைப் பார்த்திருக்காங்களா?”

தனம் என்றால் தனலட்சுமி, நடேசனின் மனைவி. மகனுக்கு இரண்டு வயது ஆவதற்குள் டைபாய்டில் இறந்துபோனவர். பெயரைத் தவிர எங்களுக்கு அவரைப் பற்றித் தெரிந்தது, பலகையில் இருந்த அந்த ஒரு வாக்கியம்தான்.

“ஸ்டென்சில், அந்த மெழுகுத்தாள் பூரா அவ கையெழுத்தும்மா. நடேசன் எழுதினா அதை நடேசனே படிக்க முடியாது. கோழி கிளறின மாதிரி இருக்கும்.”

அவர் பெயர் எஸ்தர். மிஷன் பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். நாற்பதுகளில் அந்த வீட்டின் பின்கட்டில் தனியாகக் குடியிருந்திருக்கிறார். பிறகு வேலை செங்கல்பட்டுக்கு மாறிப் போய், ஓய்வுக்குப் பின் ராஜகீழ்ப்பாக்கத்தில் தம்பி வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தார். பஸ்ஸில் போகும்போது யாரோ விழாவைப் பற்றிப் பேச, இறங்கி நடந்தே வந்துவிட்டார்.

“நடேசனை அரெஸ்ட் பண்ணிக் கூட்டிட்டுப் போன பிறகும் மாசக்கணக்கா தாள் வந்துதும்மா. அது யாருக்கும் ஞாபகம் இல்லையா? இருந்த மெஷினை போலீஸ் எடுத்துட்டுப் போயிட்டான். தனம் தன் வளையலை வித்து வேற மெஷின் வரவழைச்சா. இதோ, இந்த விறகு அடுக்குற மூலையிலதான் இருந்துது. அவ எழுதுவா, ரெண்டு பேருமா உருட்டுவோம். காலையில பசங்க காம்போசிஷன் நோட்டுக்கு நடுவுல வெச்சு நான் ரயில்ல எடுத்துட்டுப் போவேன். சைதாப்பேட்டை, மாம்பலம். ஒரு போலீஸ்காரனும் அந்தக் கட்டைத் தொட்டதில்லை. திருத்தச் சொல்லிடுவேனோன்னு பயம் போல.”

“அப்படின்னா அவங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாதுன்னு சொன்னது யார்?”

“அவ புருஷன்தான். கோர்ட்டுல.” டீச்சர் அப்போதுதான் குடையை மடக்கினார். “தனம் முழுகாம இருந்தா. போலீஸ் அவளையும் இழுக்கப் பார்த்தாங்க. அவர் கூண்டுல நின்னு, ‘எல்லாம் நானே தனியாப் பண்ணினேன், என் சம்சாரத்துக்கு எழுத்தே தெரியாது’ன்னுட்டார். அவளை விட்டுட்டாங்க. அந்தப் பொய்யை எடுத்து நீங்க பலகையில எழுதி மாட்டியிருக்கீங்க.”

கமிட்டி அந்த வாசகத்தை எதிலிருந்து எடுத்தது என்று எனக்குத் தெரியும். அந்த வழக்கில் நடேசன் கொடுத்த வாக்குமூலம்தான்.

எங்கள் பிரிவுத் தலைவரின் பெயரை நான் சொல்லப் போவதில்லை. எனக்கு வேலை கற்றுக் கொடுத்தவர். ஒருவர் எதைச் சொன்னாலும், அதைச் சொல்லும்போது அவருக்கு என்ன தேவை இருந்தது என்று பார்க்கச் சொல்லுவார். மறுநாள் காலை அவர் மேஜைக்கு முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னேன்.

“நடேசனுக்குத் தேவை இருந்தது, சரி. டீச்சருக்கு இல்லையா? முப்பது வருஷம் கழிச்சு வந்து, நானும் இருந்தேன்னு சொல்றாங்க. ஒரு சாட்சி போதாதும்மா.”

“கல்லை மட்டும் நிறுத்தி வைக்கலாமே சார்.”

“விழா முடியட்டும். அப்புறம் நிதானமாப் பார்க்கலாம்.”

அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் விழா முடிந்த பிறகு ஒரு கல்லை எடுத்து மாற்றிப் பதித்த கதையை நான் அதுவரை கேள்விப்பட்டதில்லை. மதியம் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. ரயில் ஏறிப் பல்லாவரத்தில், கல்லை வெட்டக் கொடுத்திருந்த பட்டறைக்குப் போனேன். கல் தச்சர் வாசகத்தைக் கல்லின் மேல் குறித்து முடித்திருந்தார்.

“நாளைக்கு உளி வெக்கணும்மா.”

“வைக்காதீங்க. நான் சொல்ற வரைக்கும் தொடாதீங்க.”

“உங்க பேச்சைக் கேட்டுகினு நிறுத்திட்டு, அப்புறம் ஆபீஸ்ல என்னைப் புடிச்சா? எழுதிக் குடுங்க.”

எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அப்படிச் செய்ய எனக்கு அதிகாரம் இல்லை. டீச்சர் சொன்னது உண்மைதான் என்ற உறுதியும் அப்போது இல்லை. தாமதமானால் திட்டு விழும், அவ்வளவுதான். வெட்டிய எழுத்தைத் திரும்பக் கல்லாக்க முடியாது. அந்த ஒரு கணக்கைத் தவிர வேறு துணிச்சல் எதுவும் என்னிடம் இருக்கவில்லை.

இரண்டாவது சாட்சிக்கு அலைந்தேன். தெருவில் பழைய ஆட்கள் யாரும் மிஞ்சவில்லை. கேட்ட இடத்திலெல்லாம் “நடேசன் பெரிய மனுஷன்” என்பதோடு பேச்சு நின்றுவிட்டது. கடைசியில் டீச்சர்தான் சொன்னார், வீட்டைச் சோதனை போட வந்த கான்ஸ்டபிள் ஒருவர் வண்டலூர்ப் பக்கத்துக்காரர் என்று. இருவருமாகப் போனோம். விசாரித்து விசாரித்து, காட்டோரத்தில் எருமைகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த ஒரு கிழவரிடம் வந்து நின்றோம்.

அவர் டீச்சரைக் கொஞ்சநேரம் உற்றுப் பார்த்தார். “நோட்டு டீச்சர்தானே நீங்க?”

டீச்சர் ஓர் அடி பின்னால் போனார். “தெரியுமா உங்களுக்கு?”

“பின்னே? தாள் வந்துகினே இருந்துச்சு. புருஷன் உள்ள கீறான், தாள் எப்டி வருது? அப்பவே ஸ்டேசன்ல எல்லாருக்கும் தெரிஞ்சு பூட்ச்சு. இன்னொரு வாட்டி சோதனைக்குப் போனோம். அந்தம்மா வயித்தைத் தள்ளிகினு வந்து கதவு தொறந்துச்சு. வெரல் நுனியெல்லாம் மை.”

“ஏன் பிடிக்கலை?” என்று கேட்டேன்.

“பெரிய பேஜாரும்மா அது. எழுத்துத் தெரியாதுன்னு கோர்ட்ல ஒத்துகினாச்சு. இப்ப போய் ஒரு பொம்பள எங்கள ஏமாத்திட்டான்னு இன்ஸ்பெக்டரு எப்டி ரிப்போர்ட் எழுதுவாரு? வெள்ளக்கார தொரை தோலை உரிச்சிருப்பான். கண்டுக்காத வுட்டுட்டோம்.”

திரும்பும் ரயிலில் டீச்சர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். சந்தோஷப்படுவார் என்று நான் நினைத்திருந்தேன். “நான் சொன்னப்ப நம்பலை. அந்த ஆள் சொன்னதும் நம்பிட்டே, இல்லே?” என்றார்.

அடுத்து மகன். ஏகாம்பரத்திடம் சொல்லாமல் கல்லில் ஓர் எழுத்தையும் மாற்றக் கூடாது என்று எனக்குத் தோன்றியது. கடைக்குப் போய், வீட்டுக்கு வரும்படி கேட்டுக்கொண்டேன். வந்தார். பெரிய உடம்பு, கழுத்தில் துண்டு. சமையலறை வாசலில் நின்றபடி நான் சொல்வதைக் கேட்டார். கேட்கக் கேட்க முகம் இறுகியது.

“இன்னா மேடம், எங்கப்பா பொய்யன்னு கல்லுல எழுதப் போறீங்களா? அதுக்கா நான் வூட்டைக் குடுத்தேன்? எங்கம்மாக்குக் கையெழுத்தே போட வராதுன்னு எங்கப்பாவே சொல்லிகீறாரு, எங்கத்தையும் சொல்லிகீது. யாரோ வந்து சொன்னாங்கன்னு நீங்க மாத்திடுவீங்களா? எனக்கு வூட்டைத் திருப்பிக் குடுத்துடுங்க.”

டீச்சர்தான் முன்னே வந்தார்.

“யாரோ இல்லைப்பா. நீ பொறந்தப்ப உன்னை முதல்ல கையில வாங்கினவ நான். உங்கப்பாவை நான் பொய்யன்னு சொல்லலை. அவர் அன்னைக்கு அப்படிச் சொல்லலைன்னா உங்கம்மாவையும் உள்ள தள்ளியிருப்பாங்க. நீ ஜெயில்ல பொறந்திருப்பே. அந்தக் காலத்து ஜெயில்ல புள்ளைத்தாச்சி பொழைக்கிறதே கஷ்டம். தன் மேல எல்லாத்தையும் போட்டுக்கிட்டு உங்க ரெண்டு பேரையும் காப்பாத்தினார்.”

ஏகாம்பரம் சுவரில் கையை ஊன்றிக்கொண்டார். புதுச் சுண்ணாம்பு கையெல்லாம் ஒட்டியது. அவர் கவனிக்கவில்லை.

“சரி, சுதந்திரம் வந்தப்புறம் சொல்லிருக்கலாமே. எங்கிட்டயாவது சொல்லிருக்கலாமே.”

“அதுதான் எனக்கும் தெரியலை” என்றார் டீச்சர். “ஒரு தடவை தாம்பரம் ஸ்டேஷன் பிளாட்பாரத்துல பார்த்தேன். தனத்தைப் பத்தி ஏன் ஒரு வார்த்தை பேச மாட்டேங்கறீங்கன்னு நேராவே கேட்டேன். ரயில் வந்தது. ஏறிப் போயிட்டார்.”

ஏகாம்பரம் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார். சம்மதமா இல்லையா என்று அப்போது எங்களுக்குத் தெரியவில்லை.

விழாவுக்கு முதல் நாள், மேலதிகாரி ஒருவர் ஏற்பாடுகளைப் பார்க்க வந்தார். கூடத்துச் சுவரில் கல்லுக்காகக் குடைந்த பள்ளம் காலியாக இருந்தது. குரல் தெருவரைக்கும் கேட்டது.

“கல்லை நிறுத்தச் சொன்னது யாரு?”

நான் வாயைத் திறப்பதற்குள் எங்கள் தலைவர் முந்திக்கொண்டார். “நான்தான் சார். நான் சொல்லித்தான் இவங்க பல்லாவரம் போனாங்க.”

என் வேலையைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னார். எனக்கு அம்மா இருந்தாள், படிக்கிற தங்கை இருந்தாள். பேசாமல் இருந்திருந்தால் அந்த இடத்தோடு முடிந்திருக்கும். ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்கு நடேசன் கூண்டில் நின்றது நினைவுக்கு வந்துவிட்டது. பேசாமல் நிற்க முடியவில்லை.

“இல்லை சார். அவர் நிறுத்த வேண்டாம்னுதான் சொன்னார். நானா போய் நிறுத்தினேன். அந்த வாசகம் தப்பு. ரெண்டு சாட்சி இருக்கு.”

மேலதிகாரி என்னைப் பார்க்கவில்லை. என் தலைவரைப் பார்த்து, “இந்தம்மாவை முதல்ல வேற இடத்துக்கு மாத்துங்க” என்றார். நேரம் இல்லாததால் கல்லுக்குப் பதில், ‘தியாகி நடேசனார் நினைவு இல்லம்’ என்று மட்டும் எழுதிய மரப்பலகையை மாட்டச் சொன்னார். அவர் போன பிறகு தலைவர் என்னிடம் வந்தார். “உனக்காகத்தானே சொன்னேன்?” என்றார். குரலில் கோபத்தைவிட வருத்தம் அதிகம். “தெரியும் சார்” என்றேன். வேறென்ன சொல்ல?

விழாவன்று எனக்குப் பந்தலுக்குள் இடமில்லை. நானும் எஸ்தர் டீச்சரும் கேட்டுக்கு வெளியே, வேப்பமரத்தடியில் நின்றோம். ஏகாம்பரம் வருவாரா, வந்து வீட்டைத் திருப்பிக் கேட்பாரா? வந்தார். மந்திரி பலகையைத் திறந்து வைத்தார், மாலைகள் விழுந்தன, பிறகு குடும்பத்தின் சார்பாக இரண்டு வார்த்தை பேசும்படி ஏகாம்பரத்தைக் கூப்பிட்டார்கள். எழுதி வைத்த நன்றியுரை அவர் கையில் இருந்தது. அதைச் சட்டைப்பைக்குள் திணித்தார்.

“எனக்குப் பேச வராதுங்க. எங்கப்பா கோர்ட்ல ஒரு பொய் சொன்னாரு. எங்கம்மாக்கு எழுத்துத் தெரியாதுன்னாரு. அதனாலதான் நான் வெளிய பொறந்தேன். அப்பா உள்ள இருந்தப்ப இந்த வூட்டுல அச்சடிச்சது எங்கம்மா. அவங்க பேரு தனலட்சுமி. அந்தப் பேரையும் எழுதணும். எழுதலைன்னா எனக்கு இந்த விழாவே வாணாம்.”

என்ன செய்வதென்று தெரியாமலோ, புரிந்தோ, மந்திரி முதலில் கை தட்டினார். அப்புறம் எல்லாரும் தட்டினார்கள். மந்திரி கை தட்டியதை எந்த அதிகாரியும் மாற்றி எழுத முடியாது. டீச்சர் மட்டும் தட்டவில்லை. என் முழங்கையை வலிக்கும்படி பிடித்துக்கொண்டிருந்தார்.

அதோடு முடிந்தது என்று நினைக்காதீர்கள். என்னைப் புகைப்படக் கிடங்குக்கு மாற்றினார்கள். புதிய வாசகம் எழுதும் வேலை வேறு ஒருவருக்குப் போனது. எழுதியதை ஏகாம்பரத்திடம் காட்டினார்கள். ‘கணவர் வழி நின்று தொண்டாற்றிய தனலட்சுமி அம்மாள்’ என்று இருந்ததாம். அவர் கடையை அடைத்துவிட்டு ரயிலேறி ஆபீசுக்கே போய்விட்டார். “வழி நின்னாங்களா? அவரு ஜெயில்ல இல்ல இருந்தாரு? நடத்தினது இவங்கன்னு எழுதுங்க” என்று சத்தம் போட்டிருக்கிறார். எங்கள் பழைய தலைவரும் அவருக்குத் துணையாக நின்றார். என்னிடம் வந்து சொல்லாமலே நின்றார்.

இதனால்தான் சொல்கிறேன். எந்த நினைவிடத்துக்குப் போனாலும், ‘அவர் இல்லாதபோது இந்த வேலையை யார் பார்த்தார்கள்?’ என்று கேளுங்கள். யாரும் உங்களை வரவேற்கமாட்டார்கள். கேட்டுவிட்டுக் கொஞ்சநேரம் நின்று பாருங்கள்.

சில மாதங்கள் கழித்துக் கல் வந்தது. விழா எதுவும் இல்லை. நான் லீவு போட்டுவிட்டுப் போனேன். அச்சகத்தைத் தொடங்கிச் சிறை சென்றவர் நடேசன் என்றும், அவர் சிறையில் இருந்தபோது அதை நடத்தியவர், ஒவ்வொரு தாளையும் தன் கையால் எழுதியவர் தனலட்சுமி என்றும், அவற்றைக் கொண்டு சேர்த்தவர் ஆசிரியை எஸ்தர் என்றும் இருந்தது. சமையலறைப் பலகையை அகற்றியிருந்தார்கள். டீச்சர் கல்லைப் படித்து முடித்துவிட்டுச் சமையலறைப் படியில் போய் உட்கார்ந்தார். ஏகாம்பரம் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எதிரில் வந்து நின்றார்.

“டீச்சர், எங்கம்மா என்னை இன்னான்னு கூப்பிடுவாங்க?”

“நீ வயித்துல இருக்கறப்பவே உனக்குப் பேர் வெச்சுட்டா. பேப்பர்காரன். மெஷின் உருட்டுற சத்தம் கேட்டா உள்ளேருந்து உதைப்பியாம். ‘பேப்பர்காரன் எழுந்துட்டான், இன்னைக்குச் சீக்கிரம் முடிக்கணும்’னு சொல்லுவா. பொறந்த பிறகும் அதே பேர்தான். ஏகாம்பரம்ன்னு அவ உன்னைக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை.”

ஏகாம்பரம் ஓவென்று சிரித்தார். அந்தப் பெரிய உடம்பு முழுக்கக் குலுங்கியது. “பேப்பர்காரன்” என்று ஒருமுறை தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். பிறகு எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக் கொல்லைப் பக்கம் போனவர், வெகுநேரம் வரவில்லை. நாங்களும் கூப்பிடவில்லை.